இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

வண்டியை நிறுத்தியது வரதன்தான். பின்சீட்டிலிருந்து ஓட்டு, ஓட்டு என்றுதான் குரல் வந்துகொண்டிருந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, நடுவே மணல் ஏறிய ரோடு. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. நாலு சிலிண்டரில் இரண்டு செத்துப்போய் இஞ்சின் நொண்டுவது அவன் பாதத்துக்கே தெரிந்தது. ஓரமாக ஒதுக்கி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

“ஏண்டா நிறுத்துன?” என்றார் தனகோடி.

“இதுக்கு மேல ஒரு அடி ஓட்டுனாலும் இஞ்சின் மிஞ்சாது, மொதலாளி.”

“பத்து மணிக்குத் தோப்பு ஏலம்டா. மெதுவா உருட்டிகினு போ.”

“வண்டி வராது. நடந்தா இருவது நிமிசம்.”

திருக்கழுக்குன்றத்தில் நெல் மில்லும் அதைச் சுற்றி நிலமும் வைத்திருந்தவர் தனகோடி. வெயிலில் மணலில் நடந்து அவருக்குப் பழக்கமில்லை. ‘வராது’ என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கேட்டும் பழக்கமில்லை. கழுத்து நரம்பு புடைக்க, தோப்புக்குள் தெரிந்த கிணற்றைக் கையால் காட்டினார்.

“அதோ கெணறு கீது. மொண்டாந்து ஊத்து.”

“ஊத்த மாட்டேன். கொதிச்சுகினு கீற இரும்புல பச்சத் தண்ணி பட்டா வெடிச்சிடும். ஆறட்டும்.”

அவர் திட்டியதை ரோட்டில் போன மீன்கூடைக்காரிகள் நின்று கேட்டார்கள். ‘தண்ணி ஊத்தக்கூட வணங்காத கட்டை’ என்பது அதில் மரியாதையான பகுதி. வரதன் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போனார். போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்து, தோப்பு வேறு ஆளுக்குப் போயிருந்தது.

வரதனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. அவன் அப்பா சின்னையன், தனகோடியின் தகப்பனாரிடம் பண்ணையாளாக இருந்தவர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒரு தாளில் பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு, அந்தத் தாளுக்காகவே சாகும்வரை ஏர் ஓட்டியவர். மகன் அதைப் பார்த்துவிட்டு, யுத்த காலத்தில் ஊரை விட்டு ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தான். லாரி ஓட்டவும், அதைக் கழற்றிப் பூட்டவும், எழுதப் படிக்கவும் அசாம் பக்கத்து மலைச் சாலைகளில் கற்றுக்கொண்டான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, வேலைக்கு அவனை வைத்துக்கொண்டது தனகோடிதான். வேறு டிரைவர் கிடைக்கவில்லை. ஆனால் வந்தவன், பண்ணையாட்களைப் போல ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். ‘மொதலாளி’ என்பான். தனகோடி அதைக் கவனித்தார். சொல்லிக் காட்டவில்லை, மறக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே மில் லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். மில் ஆபீசில் ஒரு தாள் தயாராக இருந்தது. எழுதியவன் எல்லப்பன், தனகோடியின் மனைவிக்குத் தம்பி. பட்டணத்தில் படிப்பை விட்டுவிட்டு அக்காள் வீட்டில் வந்து இருந்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“படிக்கவா, நீயே படிச்சுக்கிறியா?” என்றான் எல்லப்பன்.

வரதன் வாங்கிப் படித்தான். தன் கவனக்குறைவால் மோட்டார் இஞ்சின் பழுதானதாகவும், அந்த நஷ்டம் தீரும்வரை சம்பளமில்லாமல் உழைத்துக் கழிப்பதாகவும் அவன் சம்மதித்து எழுதிக் கொடுத்ததாக இருந்தது.

“எங்க அப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ரேக வெச்சாரு” என்றான் வரதன், தாளை மேஜைமேல் வைத்து. “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதனாலதான் போட மாட்டேன்.”

“தப்பு செஞ்சவனுக்கு வாயப் பாரு” என்றார் தனகோடி.

“தப்பு என்னுதுன்னு யாரு பாத்தா? இஞ்சினத் தொறந்து பாக்கணும். எங்க போச்சு, எதனால போச்சுன்னு பத்து பேரு முன்னால தெரியணும். என்னுதுன்னா நானே எழுதிக் குடுக்கறேன், இவரு எழுத வேணாம்.”

எப்படியும் வண்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். தனகோடி யோசித்தார். “செங்கல்பட்டுல கிஃபாயத்துல்லா ஷெட்டுக்கு இழுத்துகினு போ. வெள்ளிக்கெழம வரைக்கும் டயம். அப்பவும் கையெழுத்து இல்லன்னா வூட்டக் காலி பண்ணு.”

வரதன் இருந்த வீடு அவருடைய மனையில் இருந்தது.

வீட்டில் அவன் மனைவி பொன்னி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நெல் மில்லில் நெல் காயவைப்பது அவள் வேலை. பாதம் இரண்டும் வெடித்திருக்கும். நடந்ததைக் கேட்டதும் துடுப்பைக் கீழே வைத்தாள்.

“இன்னாயா சொன்ன நீ?”

“போட மாட்டேன்னேன்.”

“வூடு?”

“போவும்.”

அவள் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தாள். “போனா போவுது. கூரைக்கு ஓலை மாத்தி மூணு வருசம் ஆவுது, ஒழுவுது” என்றாள். பிறகு, “ஒண்ணு சொல்றேன் கேளு. நேத்து ஞாயித்துக்கெழம நீ இங்க இல்ல. அந்த எல்லப்பன் சேக்காளிங்களப் போட்டுகினு வண்டிய எடுத்துகினு போனாரு. மாபலிபுரமாம். பொழுது சாயறப்ப வந்துச்சு, சக்கரம் பூரா மணலு. மில்லு பொம்பளைங்க எங்களத்தான் கழுவச் சொன்னாரு. யாரு கிட்டவும் சொல்லக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு முறுக்கு குடுத்தாரு.”

வரதன் நிமிர்ந்தான். காலையில் பெடலுக்கு அடியில் மணல் நெறநெறத்தது அவனுக்கு நினைவு வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது தண்ணீர் கழுத்துவரை நின்றதால், அவன் மேலே ஊற்றவும் இல்லை.

“நான் வந்து சொல்லட்டா?” என்றாள் பொன்னி.

“நீ சொன்னா முறுக்குத் திருடுனேன்னு சொல்லுவானுங்க. இஞ்சினு சொல்லட்டும்.”

கிஃபாயத்துல்லாவின் ஷெட் செங்கல்பட்டு ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இருந்தது. ஐம்பது வயது, பருத்த உடம்பு, கறுப்புக் கறை ஏறிய பனியன். மில்லின் இரண்டு லாரியும் அவரிடம்தான் வேலைக்கு வரும்.

“இஞ்சின் பிளாக் வெடிச்சிருக்கும் வரதா. அவ்ளோதான். மில்காரரு எனக்குப் பெரிய கிராக்கி, நீ எதுனா பேசி பேஜாராக்கிடாத” என்றார் எடுத்த எடுப்பில்.

“பாய், நான் பேசல. நீங்க பாருங்க. நான் கை வேலை மட்டும் செய்யறேன்.”

முதலில் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பால் விட்ட காப்பி நிறத்துக்கு வரும். இது கறுப்பாகவே இருந்தது. “அப்பா, இது ஒண்ணு நல்லது” என்றார் பாய், தன்னை மறந்து. அதுவரை யாரும் வண்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ரேடியேட்டரில் மிச்சம் கிடந்த கலங்கலை வரதன் ஒரு தகர டப்பாவில் வடித்து, பெஞ்சுக்கு அடியில் ஓரமாக வைத்தான். ஷெட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்தான். தண்ணீரில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. இஞ்சின் துடிப்பதற்கு ஏற்பவே குமிழும் வெடித்தது. சிலிண்டருக்குள் எரிகிற காற்று தண்ணீர் வழிக்குள் புகுகிறது என்று அதற்கு அர்த்தம்.

“அணை, அணை” என்றார் பாய்.

பிளக்குகளைக் கழற்றினார்கள். ஒன்றும் நாலும் பழுப்பாக, எரிய வேண்டியபடி எரிந்திருந்தன. இரண்டிலும் மூன்றிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. வரதன் ஒவ்வொரு துளையாகப் பெருவிரலை வைத்து அடைத்துக்கொள்ள, பாய் முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். ஒன்றாம் துளையில் காற்று விரலைத் தூக்கி எறிந்தது. நாலிலும் அப்படியே. இரண்டில் விரலை வைத்தபோது மூன்றின் வழியாகப் புஸ்ஸென்று சத்தம் வந்தது.

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல வழி விட்டுகினு கீது” என்றான் வரதன்.

“கேஸ்கட்டா, வெடிப்பா?”

“தூக்குனாத்தான் தெரியும்.”

இஞ்சினின் மேல்மூடியை ஹெட் என்பார்கள். அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே, தாமிரத் தகட்டுக்குள் கல்நார் வைத்த கேஸ்கட் இருக்கும். நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்தி, இரண்டு பேருமாக ஹெட்டைத் தூக்கினார்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே கேஸ்கட்டின் ஒடுங்கிய பாலம் கருகித் தின்னப்பட்டிருந்தது. அங்கிருந்து தண்ணீர்த் துளைவரை கரிக்கோடு ஓடியது.

இரும்பில் வெடிப்பு உண்டா என்பதுதான் மிச்சம். ஹெட்டையும் பிளாக்கையும் கரி போகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மறுபடி உலரத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவினான் வரதன். வெடிப்பு இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும். இரண்டு பேரும் பீடி ஒன்றைப் பற்றவைத்து, தள்ளி நின்று காத்திருந்தார்கள். கோடு விழவில்லை.

“கேஸ்கட்டு மட்டும்தான்! பொழச்சடா” என்றார் பாய். வரதனின் முதுகில் ஓங்கி அறைந்தார்.

“வண்டி பொழச்சுது. எதனால போச்சுன்னு இன்னும் தெரியலியே.”

நேரான இரும்புச் சட்டம் ஒன்றை ஹெட்டின்மேல் நிமிர்த்தி வைத்துப் பார்த்தான். நடுவில் சிகரெட் தாள் நுழைந்தது. சூட்டில் ஹெட் லேசாக வளைந்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்க யாரோ குளிர்ந்த தண்ணீரை அதன்மேல் விட்டிருக்கிறார்கள். ஆனால் வளைந்த இரும்பு, வளைத்தவன் பேரைச் சொல்லாது. அதை அப்படியே வைத்துவிட்டு, பாயின் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் பல்லில் வேப்பங்குச்சியோடு வந்து பார்த்தவன், குச்சியை எடுத்துவிட்டான். ஹெட்டின் தண்ணீர்த் துளைகளில் ஈரமாய் இருந்தபோது வெறும் துருதான் தெரிந்தது. காய்ந்ததும், ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் வெள்ளை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தான். பெஞ்சுக்கு அடியில் இருந்த டப்பாவை எடுத்து, தெளிந்த தண்ணீரை மெதுவாகச் சாய்த்தான். அடியில் மணல். மணலில் கிளிஞ்சல் நொறுங்கல்கள் மினுக்கின.

“பாய்” என்று கூப்பிட்டான். “இத யாரும் தொடக் கூடாது. மொதலாளிக்கு ஆள் அனுப்புங்க.”

பாய் பார்த்தார். அவர் முகம் இறுகியது. “இன்னாத்துக்குடா வம்பு? கழுவிட்டு கேஸ்கட்டு போட்டுடலாம். நானே பேசி, காயிதம் வேணான்னு சொல்லிடறேன். எனக்காகக் கேப்பாரு.”

“உங்களுக்காகக் கேட்டா, தப்பு என்னுதாவே நிக்கும். மன்னிச்சு விட்டாருன்னு ஆவும்” என்றான் வரதன். “எனக்கு மன்னிப்பு வேணாம்.”

மத்தியானம் தனகோடி மில் லாரியில் வந்து இறங்கினார். கூடவே எல்லப்பன். ரிப்பேருக்கு வந்த நாலைந்து வண்டிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். பாய் கேஸ்கட் எரிந்த இடத்தைக் காட்டி விளக்கினார்.

“அதான், இவன் தண்ணி பாக்காம ஓட்டிகீறான்” என்றான் எல்லப்பன்.

“அந்தக் காயிதம் கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேட்டான் வரதன்.

எல்லப்பன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பேனாவையும் நீட்டினான். வரதன் பேனாவை வாங்கவில்லை. தாளை மட்டும் வாங்கி, பெஞ்சின்மேல் எழுத்துப் பக்கம் மேலே இருக்க விரித்தான். ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஹெட்டின் துளைகளைச் சுரண்டினான். முத்து முத்தான எழுத்துகளின்மேல் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. தாளை இரண்டு கையாலும் தூக்கித் தனகோடியின் முன்னால் நீட்டினான்.

“நாக்குல வெச்சுப் பாருங்க.”

சின்னையன் மகனின் கையிலிருந்து எதையும் எடுத்துத் தனகோடி வாயில் வைத்ததில்லை; அவர் வீட்டில் அவனுக்குத் தண்ணீரே தூக்கித்தான் ஊற்றுவார்கள்.

முதலில் கை நீட்டியது கிஃபாயத்துல்லா. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். மில் லாரியை ஒரு தடவை பார்த்தார், பிறகு தனகோடியைப் பார்த்தார்.

“உப்பு” என்றார். “கடலுப்பு. இந்த வண்டியில சமுத்திரத் தண்ணி ஊத்திகீறாங்க.”

“சதுரங்கப்பட்டினத்துல எந்தக் கெணத்துல மொண்டானோ! அங்கல்லாம் உப்புக் கரிக்கும்” என்றான் எல்லப்பன் அவசரமாக.

“மொதலாளி, நீங்க சொல்லுங்க” என்றான் வரதன். “நான் அங்க தண்ணி ஊத்துனனா? ஊத்த மாட்டேன்னதுக்குத்தான அவ்ளோ திட்டுனீங்க? மீனு விக்கிற பொம்பளைங்க நின்னு கேட்டாங்களே.”

வரதன் டப்பாவை எடுத்து, கிளிஞ்சல் மணலைத் தாளின் ஓரத்தில் கொட்டினான்.

“கெணத்துல கிளிஞ்சல் ஏது? ஞாயித்துக்கெழம மாபலிபுரத்துல வண்டி மணல்ல மாட்டிகினு சக்கரம் சுத்திகீது. கொதிச்சிகீது. பக்கத்துல இருந்தது கடலுதான். மொண்டு ஊத்திட்டாங்க. மேல சொல்லணும்னா உங்க மச்சானையே கேளுங்க.”

தனகோடி வியாபாரி. நெல்லை வாயில் போட்டுக் கடித்து ஈரம் சொல்கிறவர். அவருடைய கை தானாக நீண்டது. சுட்டுவிரலால் அந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு, நாக்கில் வைத்தார். துப்பினார். எல்லப்பன் பக்கம் திரும்பினார். எல்லப்பன் தரையில் கிடந்த நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வண்டிய ரெடி பண்ணுங்க பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தனகோடி லாரியில் ஏறிக்கொண்டார். தாளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வரதன் அதை மடித்து, கை துடைக்கிற பழந்துணிகளோடு போட்டான்.

புதுக் கேஸ்கட் மறுநாள் காலை ரயிலில் பட்டணத்திலிருந்து வந்தது. அதற்குள் வரதன் தடித்த கண்ணாடிப் பலகையில் அரைக்கும் பசை தடவி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்து வளைவை எடுத்திருந்தான். உப்புப் போகத் தண்ணீர் வழிகளை நாலு தடவை அலசினான். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக முறுக்கினான். இஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினான். ஸ்டார்ட் செய்தபோது நாலு சிலிண்டரும் ஒரே சீராகப் பேசின. ரேடியேட்டரில் ஒரு குமிழ் இல்லை. வேலையில் குறை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. இனி இந்த வண்டியைத் தான் ஓட்டப் போவதில்லை என்பது அவனுக்கு அப்போதே தெரியும்.

வெள்ளிக்கிழமை தனகோடி வந்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “சரிடா. நடந்தது நடந்துபோச்சு. அந்த வூட்லயே இருந்துக்கோ. வண்டிய எடு.”

“வூட்ட நேத்தே காலி பண்ணிட்டோம்” என்றான் வரதன்.

தனகோடி திரும்பிப் பார்த்தார். பொன்னி ஷெட் வாசலில் பானை மூட்டையோடு, பாயின் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மாட்டு வண்டி பிடித்து அவளே சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“தப்பு என்னுது இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மொதலாளி.”

“நான்? உனக்கு எழுதித் தரணுமா?”

“என்னைய மட்டும் எழுதச் சொன்னீங்களே.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரதன் காத்திருந்தான். பிறகு சாவியை பானெட்டின்மேல் வைத்தான்.

“வேற டிரைவர் பாத்துக்குங்க.”

கூட வந்திருந்த எல்லப்பன் சாவியை எடுக்க வந்தான். “தொட்டா கைய ஒடிச்சிடுவேன்” என்று உள்ளேயிருந்து தனகோடி கத்தினார். ஆள் தேடிக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் இறங்கவும் இல்லை, எழுதவும் இல்லை. வேர்த்து வேர்த்து அந்தப் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

மில் லாரிகள் அதற்குப் பிறகு கிஃபாயத்துல்லாவின் ஷெட்டுக்கு வரவில்லை. பாய் இரண்டு வாரம் வரதனைத் திட்டித் தீர்த்தார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே அவனை வேலைக்கு வைத்துக்கொண்டதை மாற்றவில்லை. திட்டிக்கொண்டே, காதால் இஞ்சின் கேட்கிற வேலையெல்லாம் அவனிடம் தள்ளினார். பொன்னி ஏரிக்கரைப் பக்கம் ஓடு போட்ட ஓர் அறை பிடித்தாள். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போன முதல் நாளே, கூலியில் குறைத்த சூளைக்காரனிடம் சண்டை போட்டாள்.

ஆடி மாதம் ஒரு நாள், மில்லில் மூட்டை தூக்குகிற ஏசுதாஸ் ஷெட்டுக்கு வந்தான். இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

“ரேக வெக்கச் சொல்றாங்க அண்ணாத்த. ‘வரதன் படிச்சுக் காட்டுனப்புறம்தான் வெப்பேன்’னுட்டேன். இன்னும் நாலு பேரு வாசல்ல நிக்கறாங்க.”

வரதன் கையை மண்ணெண்ணெயில் கழுவி, பழந்துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான். எல்லாரையும் உள்ளே வரச் சொன்னான். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காக, உரக்கவே படிக்க ஆரம்பித்தான்.